ஊருக்கு ஊர் டோனட்... நாக்குக்கு நாக்கு ருசி!

எங்கள் பக்கத்து வீட்டு மாமிக்கு மகன் பாஸ்டனில்; மகள் டொரன்டோவில். ஒன்று அமெரிக்கா, மற்றது கனடா. இரண்டு ஊருக்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்குள் விமானத்தில் போய்விடலாம். ஆறு மாதம் அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம் என்று இருந்துவிட்டுப் போன மாதம்தான் சென்னை திரும்பினார் மாமி. வந்ததும் வராததுமாக அவர் சொன்ன முதல் சமாசாரமே டோனட் சண்டைதான்!

"ஏண்டிம்மா, நீதான் பத்திரிகையில எழுதறவளாச்சே, இந்தக் கூத்தைக் கேளு. பொண்ணு குடும்பத்தோட பாஸ்டனுக்கு வந்திருந்தா. பிள்ளை ஒரு பெட்டி நிறைய டோனட் வாங்கிண்டு வந்தான். ஆறு வயசு டொரன்டோ பேத்தி ஒரு கடி கடிச்சுட்டு, 'இது டோனட்டே இல்ல பாட்டி'ன்னு கீழ வெச்சுட்டா! அடுத்த மாசம் இவா எல்லாரும் டொரன்டோ போனோம். அங்க பாஸ்டன் பேரன் அதே டயலாக்கைச் சொல்றான். எனக்கானா ரெண்டும் சுழியன் மாதிரி ஒரே தித்திப்பு. எந்த ஊர் டோனட்தான் உசத்தி, நீயே சொல்லு!"

மாமி விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் யோசித்துப் பார்த்தால் இதில் நம் வீட்டுக் குழந்தைகளின் ஆரோக்கியம் சம்பந்தப்பட்ட ஒரு பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது. ஒரே மாவு, ஒரே எண்ணெய், ஒரே சர்க்கரை. அப்படியிருக்க, பக்கத்துப் பக்கத்து நாட்டுக் குழந்தைகளின் நாக்கு எப்படி வேறு வேறாகிறது? வாங்க, பார்க்கலாம்.

ஓட்டை எதற்கு?

டோனட்டில் முக்கியமாக இரண்டு ஜாதி. ஒன்று, மைதாவில் ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்துப் பொரிப்பது. இது பஞ்சு மாதிரி லேசாக இருக்கும். இன்னொன்று, பேக்கிங் பவுடர் போட்டுக் கலந்து பொரிப்பது. இது கேக் மாதிரி கெட்டியாக, கடித்தால் உதிரும்படி இருக்கும். இரண்டிலும் நடுவே ஓட்டை போடுவது உண்டு. 1847-ல் ஹான்சன் கிரிகரி என்ற அமெரிக்கக் கப்பல்காரர்தான் முதலில் ஓட்டை போட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, காரணம் நமக்குத் தெரிந்ததுதான். மெதுவடைக்கு நாம் ஏன் ஓட்டை போடுகிறோம்? ஓரம் சிவந்தும் நடுவில் மாவு வேகாமல் நின்றுவிடக் கூடாதே என்றுதானே? அதே சமையலறைக் கணக்குதான் அங்கேயும்!

இந்தப் பக்கம் ஒரு ருசி, அந்தப் பக்கம் ஒரு ருசி

அமெரிக்காவில் டோனட் ஊரெல்லாம் பரவியதற்கு இரண்டு காரணங்களை முக்கியமாகச் சொல்லலாம். முதல் உலகப் போரின்போது, 1917-ல் பிரான்ஸுக்குப் போன சால்வேஷன் ஆர்மி பெண்கள், அமெரிக்கச் சிப்பாய்களுக்கு டோனட் பொரித்துக் கொடுத்தார்கள். ஊர் திரும்பிய சிப்பாய்கள் அந்த ருசியையும் கூடவே கொண்டுவந்தார்கள். அடுத்து, 1920-ல் நியூயார்க்கில் அடால்ஃப் லெவிட் என்பவர் டோனட் பொரிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். கையால் தட்டிப் பொரித்த பண்டம் தொழிற்சாலைப் பண்டமானது.

பிறகு வந்தன பெரிய கடைகள். 1937-ல் வட கரோலினா மாநிலத்தின் வின்ஸ்டன்-சேலம் நகரில் கிறிஸ்பி க்ரீம். இவர்களின் பெருமையே, சுடச்சுடச் சர்க்கரைப் பாகில் நனைத்து எடுத்த, வாயில் போட்டால் கரைகிற ஈஸ்ட் டோனட்தான். பாஸ்டனுக்குப் பக்கத்தில் க்வின்ஸி என்ற ஊரில் வில்லியம் ரோசன்பர்க் 1948-ல் ஒரு கடை திறந்தார். 1950-ல் அதற்கு 'டங்கின் டோனட்ஸ்' என்று பெயர் வைத்தார். காபியில் முக்கிச் சாப்பிடுவது என்பதுதான் அந்தப் பெயரின் அர்த்தம். அந்தப் பகுதிக்காரர்களுக்கு டோனட் மேல் எவ்வளவு பாசம் தெரியுமா? உள்ளே கஸ்டர்ட், மேலே சாக்லேட் வைத்த 'பாஸ்டன் க்ரீம்' டோனட்டை மாசசூசெட்ஸ் மாநிலம் 2003-ல் தன் மாநில டோனட்டாகவே அறிவித்துவிட்டது!

கனடா கதை வேறு. 1964-ல் ஒன்டாரியோ மாநிலத்து ஹாமில்டன் நகரில் டிம் ஹார்ட்டன் என்ற பிரபல ஐஸ் ஹாக்கி வீரர் ஒரு டோனட் கடை ஆரம்பித்தார். அங்கே எடுபட்டவை இரண்டு. ஒன்று, ஆப்பிள் துண்டுகள் கலந்து கரடுமுரடாகப் பொரித்த 'ஆப்பிள் ஃப்ரிட்டர்'. மற்றது, உலர்திராட்சை போட்ட சதுர வடிவ 'டச்சி'. இரண்டுக்கும் ஓட்டையே கிடையாது. மெல்ல வேண்டியிருக்கும், வயிற்றிலும் கனமாக உட்காரும். 1976-ல் 'டிம்பிட்ஸ்' என்று கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிய குட்டி உருண்டைகள் வந்தன. கனடாவில் குழந்தைகளின் பிறந்தநாள், பள்ளி விளையாட்டு என்று எதற்கும் ஒரு டப்பா டிம்பிட்ஸ்தான்.

கூடவே ஒரு காபி. இரண்டு பங்கு க்ரீம், இரண்டு பங்கு சர்க்கரை போட்டால் 'டபுள்-டபுள்'. இந்த வார்த்தை 2004-ல் கனடிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது! எலும்பை உறைய வைக்கிற பனிக்காலத்தில் ஊர்ச் சமாசாரம் பேச அங்கே டோனட் கடைதான் டீக்கடை பெஞ்சு. டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் குடியேறிய நம் ஈழத் தமிழர்களுக்கும் இந்தக் கடைகள் அன்றாட வாழ்க்கையில் ஒரு பகுதிதான்.

எல்லை தாண்டியபோது என்ன ஆச்சு?

இங்கேதான் சுவாரஸ்யம். 2001-ல் கிறிஸ்பி க்ரீம், டொரன்டோவை ஒட்டிய மிசிசாகா நகரில் முதல் கனடியக் கடையைத் திறந்தபோது ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். ஆனால் 2005-ல் அந்தக் கனடியக் கிளை நிறுவனம் கடன் தொல்லையில் நீதிமன்றப் பாதுகாப்பைக் கேட்க வேண்டி வந்தது. கனடாவில் பல வருடங்கள் வியாபாரம் செய்த டங்கின் டோனட்ஸின் கடைசிக் கடைகளும் 2018-ல் மூடப்பட்டன. பதிலுக்கு, பாஸ்டன் இருக்கும் நியூ இங்கிலாந்து பகுதிக்குள் நுழைந்த டிம் ஹார்ட்டன்ஸ், 2010-ல் அங்கே 36 கடைகளை மூடியது. வாடகை, போட்டி, அவசரமாகக் கிளை பரப்பியது என்று வியாபாரக் காரணங்கள் உண்டுதான். ஆனாலும் இரண்டு பக்கமும் ஜனங்கள் தங்கள் பழைய கடையை விட்டு நகரவில்லை என்பதும் உண்மை.

அப்படியானால் அமெரிக்க நாக்கு, கனடிய நாக்கு என்று பிறவியிலேயே இரண்டு உண்டா? அதுதான் இல்லை! கனடாவுக்கு நேர் எதிரே, நயாகரா நதிக்கரையில் இருக்கிற பஃபலோ நகரம் அமெரிக்காவைச் சேர்ந்தது. அங்கே டிம் ஹார்ட்டன்ஸ் சக்கைப்போடு போடுகிறது. காரணம் எளிது. டிம் ஹார்ட்டன் தன் கடைசிக் காலத்தில் விளையாடியதே பஃபலோ அணிக்காகத்தான். 1974-ல் டொரன்டோவில் ஆட்டம் முடிந்து பஃபலோவுக்குக் காரில் திரும்பும்போதுதான் விபத்தில் இறந்தார். அவர் பெயர் அந்த ஊருக்குச் சொந்தப் பெயர் மாதிரி. 1980-களிலிருந்து கடையும் அங்கே இருக்கிறது. அப்பா அம்மா கைபிடித்துப் போன கடையின் ருசிதான் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு 'டோனட் ருசி' ஆகிவிட்டது.

ஆக, நாக்குக்குத் தேச எல்லை கிடையாது. பழக்கம்தான் அதற்குப் பாஸ்போர்ட்!

பூர்வீகத்தில் எப்படி?

அமெரிக்காவும் கனடாவும் டோனட்டைப் பிற்பாடு சுவீகரித்தவை. அமெரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்கள் எண்ணெயில் பொரித்த மாவு உருண்டையைக் கொண்டுபோனதிலிருந்துதான் அங்கே கதை ஆரம்பம். சரி, டோனட்டின் தாய்வீடான ஐரோப்பாவில் எப்படிச் சாப்பிடுகிறார்கள்? அங்கேயும் நாட்டுக்கு நாடு வித்தியாசம்தான்.

நெதர்லாந்தில் 'ஒலிபோல்'. உலர்திராட்சை போட்டு, ஓட்டை இல்லாமல் உருண்டையாகப் பொரித்து, சர்க்கரைப் பொடி தூவுவார்கள். புத்தாண்டு இரவுக்கு இது இல்லாமல் முடியாது.

ஜெர்மனியில் பெரும்பாலான ஊர்களில் 'பெர்லினர்' என்பார்கள். பெர்லின்காரர்கள் மட்டும் 'ஃபான்குகன்' என்பார்கள்! உள்ளே பிளம்ஸ் அல்லது ராஸ்பெர்ரி ஜாம். புத்தாண்டு இரவில் ஒன்றே ஒன்றில் மட்டும் ஜாமுக்குப் பதில் கடுகு விழுதை வைத்து, யாருக்குச் சிக்குகிறது என்று வேடிக்கை பார்ப்பார்கள்.

பக்கத்து ஆஸ்திரியாவில் பெயர் 'கிராப்ஃபன்'. உள்ளே ஆப்ரிகாட் ஜாம்தான் இருக்க வேண்டும். அதற்கும் பக்கத்து ஹங்கேரியில் 'ஃபாங்க்'. நடுவில் ரிப்பன் கட்டின மாதிரி ஒரு வெளுத்த பட்டை தெரிய வேண்டும். மாவு நன்றாகப் பொங்கி எண்ணெயில் மிதந்தால்தான் அந்தப் பட்டை விழும். ஜாமை உள்ளே அடைக்காமல் மேலே வைத்தும் சாப்பிடுவார்கள்.

போலந்தில் 'பொன்ச்கி'. உள்ளே ரோஜா இதழ் ஜாம்! நம் குல்கந்து ஞாபகம் வருகிறதல்லவா? மாவு எண்ணெய் குடிக்காமல் இருக்க ஒரு கரண்டி சாராயமும் சேர்ப்பது அவர்கள் பழக்கம். கிறிஸ்தவர்களின் 40 நாள் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய வியாழக்கிழமைக்கு அங்கே 'கொழுப்பு வியாழன்' என்றே பெயர். அன்று பொன்ச்கிக் கடைகளில் கூட்டம் தெருவரை நிற்கும்.

ஏன் அந்த நாளில்? அந்த நாளில் நோன்புக் காலத்தில் நெய், முட்டை எல்லாம் கூடாது என்றிருந்தது. வீட்டில் மிச்சமிருப்பதைத் தீர்த்தாக வேண்டும். ஆகவே பொரித்துச் சாப்பிட்டுவிட்டு நோன்பில் இறங்கினார்கள்.

கவனித்தீர்களா? ஜாம் மாறுகிறது, பெயர் மாறுகிறது, வடிவம் மாறுகிறது. ஆனால் இந்த நாடுகளில் எல்லாம் ஒரு பழைய ஒற்றுமை உண்டு. அது ஒரு பண்டிகைப் பண்டம். இப்போது அங்கேயும் பேக்கரிகளில் வருடம் முழுவதும் கிடைக்கிறதுதான். ஆனால் அதன் வேர் வருடத்தில் சில நாட்களில் இருக்கிறது. கடல் தாண்டிப் போனதும் அதுவே தினமும் காலையில் காபியோடு சாப்பிடுகிற பண்டமாகிவிட்டது. ருசி வித்தியாசத்தை விட நாம் கவலைப்பட வேண்டிய வித்தியாசம் இதுதான். எதைத் தின்கிறோம் என்பது பாதி. எத்தனை தடவை தின்கிறோம் என்பது மீதி.

உடம்புக் கணக்கு

பாகில் நனைத்த லேசான ஈஸ்ட் டோனட் ஒன்றில் சுமார் 190 கலோரி, 10 கிராம் சர்க்கரை இருக்கும். க்ரீமோ ஜாமோ அடைத்த பெரிய டோனட் 300 கலோரியைத் தொடும். கூடவே நடுத்தரக் கோப்பை டபுள்-டபுள் காபி குடித்தால் இன்னொரு 200. ஆக மொத்தம் 500! வேகமாக அரை மணி நேரம் நடந்தால் செலவாவது ஏறக்குறைய 150 கலோரிதான். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

உணவில் சேர்க்கிற சர்க்கரை ஒரு நாளைய மொத்த கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. 5 சதவீதம் என்றால் பெரியவர்களுக்குச் சுமார் 25 கிராம், அதாவது ஆறு டீஸ்பூன். தேன், வெல்லம், பழ ஜூஸில் இருக்கும் சர்க்கரையும் இதில் அடக்கம்.

எண்ணெய் விஷயம் ஒன்றும் உண்டு. ஒரு காலத்தில் டோனட் பொரிக்க வனஸ்பதி போன்ற கெட்டிக் கொழுப்பைத்தான் அதிகம் பயன்படுத்தினார்கள். அதிலிருக்கும் 'டிரான்ஸ் கொழுப்பு' கெட்ட கொலஸ்டிராலை ஏற்றி, நல்ல கொலஸ்டிராலை இறக்குகிறது. இதைக் கட்டுப்படுத்த முதலில் சட்டம் போட்ட நாடு டென்மார்க், 2003-ல். அமெரிக்காவிலும் கனடாவிலும் 2018-ல் தடை அமலுக்கு வந்தது. இந்தியாவில் 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்பு வகைகளில் 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று விதி.

இதெல்லாம் வெளிநாட்டுக் கவலை என்று புரட்டிவிடாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் பெரிய ஆய்வு ஒன்று 2023-ல் வெளியானது. நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல் என்றது அது. நம்மவர்களுக்கு இந்த நோய் மற்றவர்களை விடச் சின்ன வயதிலேயே, ஒல்லியாக இருக்கும்போதே வந்துவிடுகிறது. டொரன்டோவில் வளர்ந்தாலும் சரி, தாம்பரத்தில் வளர்ந்தாலும் சரி, உடம்பு வாகு அதுதான்.

நாக்கு எப்போது பழகுகிறது?

இனிப்பு பிடிப்பது பிறவிக் குணம். தாய்ப்பாலே இனிப்புத்தானே! ஆனால் எந்த இனிப்பு, எவ்வளவு இனிப்பு என்பதைப் பழக்கம்தான் தீர்மானிக்கிறது. அது வயிற்றில் இருக்கும்போதே ஆரம்பித்துவிடுகிறது.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து மோனெல் ஆராய்ச்சி மையத்தினர் 2001-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சில கர்ப்பிணிகளைக் கேரட் ஜூஸ் குடிக்கச் சொன்னார்கள். சிலரைப் பாலூட்டும் மாதங்களில் குடிக்கச் சொன்னார்கள். இன்னும் சிலருக்குத் தண்ணீர் மட்டும். பிறகு குழந்தைகளுக்குக் கேரட் கலந்த கூழ் ஊட்டினார்கள். அம்மா மூலமாக ஏற்கெனவே கேரட் ருசி கண்ட குழந்தைகள் முகம் சுளிப்பது குறைவாக இருந்ததாம்!

இன்னொரு செய்தி இங்கிலாந்திலிருந்து. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே சர்க்கரைக்கு ரேஷன். 1953 செப்டம்பரில்தான் அது நீங்கியது. நீங்கியதும் ஜனங்கள் சாப்பிடும் சர்க்கரை கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. ரேஷன் காலத்தில் கருவாகிப் பிறந்தவர்களையும் அதற்குப் பின் பிறந்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 'சயின்ஸ்' இதழில் 2024-ல் வந்தது. கருவான நாள் முதல் சுமார் 1,000 நாட்கள் குறைந்த சர்க்கரையில் வளர்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதமும், இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு சுமார் 20 சதவீதமும் குறைவு என்று தெரிந்தது. வீட்டில் சர்க்கரை டப்பா யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில்தான் குழந்தையின் ஐம்பதாவது வயசும் இருக்கிறது!

'எங்களுக்கெல்லாம் வயசாயிடுச்சே, நாக்கு இனிமே எங்க மாறப் போகுது?' என்கிறீர்களா? மாறும். அதே மோனெல் மையம் 2016-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு இது. பெரியவர்கள் மூன்று மாதம் சர்க்கரையை நன்றாகக் குறைத்துச் சாப்பிட்டார்கள். அதன் பிறகு, முன்பு சாப்பிட்ட அதே புட்டிங் அவர்களுக்கு அதிகமாகத் தித்தித்ததாம்.

வீட்டில் செய்து பாருங்கள்

* இரண்டு வயது வரை குழந்தைக்குச் சர்க்கரை சேர்த்த பண்டம் எதுவுமே வேண்டாம். பாலில் கூட.

* பொரித்த இனிப்புக்கு ஒரு நாள், ஒரு காரணம் வையுங்கள். டோனட் ஆனாலும் அதிரசம் ஆனாலும் பண்டிகை, பிறந்தநாள் என்றால் சரி. 'சும்மா வாங்கினேன்' வேண்டாம்.

* "ஹோம் ஒர்க் முடிச்சா டோனட்" என்று லஞ்சம் கொடுக்காதீர்கள். பரிசாகக் கிடைக்கிற பண்டத்தின் மேல் குழந்தைக்கு ஆசை கூடும்; குறையாது.

* ஒரு டோனட்டை நான்காக வெட்டித் தட்டில் வையுங்கள். கூடக் குடிக்கிற காபி, பால் சர்க்கரை இல்லாமல் இருக்கட்டும்.

* புதுக் காய்கறியைக் குழந்தை ஒரு தடவை துப்பினால் விட்டுவிடாதீர்கள். எட்டு, பத்து தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும்.

* வீட்டில் பொரித்தால், துளி மாவைப் போட்டதும் அது உடனே மேலே எழும்பி வருகிற சூடு சரியானது. காய்வதற்குள் போட்டால் மாவு எண்ணெய் குடிக்கும். புகைய விட்டால் எண்ணெய் கெடும். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள்.

* காபி, டீயில் சர்க்கரையை ஒரேயடியாக நிறுத்த முடியாதவர்கள், வாரத்துக்குக் கால் ஸ்பூன் குறையுங்கள். சர்க்கரை நோய்க்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் உணவில் பெரிய மாற்றம் செய்வதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள்.

இதையெல்லாம் மாமியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ எந்த ஊர் டோனட்டும் உசத்தி இல்லேங்கற?"

"அவங்கவங்களுக்கு அவங்கவங்க ஊருதான் உசத்தி மாமி. உங்க கை சுழியனை நாலு தடவை சாப்பிட்டா, ரெண்டு பேருமே அதுதான் உசத்தின்னு சொல்லுவாங்க."

மாமிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "லீவுக்கு ரெண்டும் வரதுகள். பண்ணித் தரேன்" என்றவர், வாசல்படி வரை போய்விட்டுத் திரும்பினார்.

"ஆனா ஒரே ஒரு நாள்தான்டீம்மா. மத்த நாளெல்லாம் சுண்டல்!"